வறுத்த சக்கை

சிஸ்டர் தெக்ளாவிடம் சீடராக வந்து சேர்ந்தபோது இன்னாசி மாஸ்டருக்கு அறுபத்துமூன்று வயது. குருவுக்கு நாற்பது தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சீடரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். குருவும் அப்படித்தான் கூப்பிட்டார்.

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு காலத்தில் பெரிய கல்யாணம் என்றால் அடுப்படியில் இன்னாசி மாஸ்டர் நிற்பார். பெண்டாட்டி உயிரோடு இருந்தவரை அவளுக்கும் அவர் மாஸ்டர்தான். பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் கையிலிருந்து கரண்டிக்குப் போனது. ஒரு கல்யாணத்தில் பந்திக்குப் போகவேண்டிய பாயசம் மொத்தமும் தரைக்குப் போனது.

அவரிடம் வெங்காயம் உரித்துத் தொழில் படித்த கஸ்பார், அதற்கப்புறம் ஆட்களையும் அண்டாக்களையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். "நீங்க நாற்காலி போட்டு உக்காந்து பாத்துக்கிட்டா போதும், மாஸ்டர்" என்றான். அடுத்த கல்யாணத்துக்கு அந்த நாற்காலிக்கும் அழைப்பு வரவில்லை.

திருப்பூரிலிருந்து மகள் போன் செய்தாள். "வந்துருங்கப்பா. பால்கனியில காத்து நல்லா வரும். நாற்காலி வாங்கிப் போட்டிருக்கேன்."

ஊர் உலகமே சேர்ந்து தனக்கு நாற்காலி போடுவதாக மாஸ்டருக்குத் தோன்றியது. அந்தக் கோபத்தில்தான், பங்குச் சாமியார் சொன்ன இடத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மலையடிவாரத்தில் ஒரு கன்னியர் மடம். மடத்துக்குப் பின்னால் வெண்பன்றிப் பண்ணை.

பண்ணையைப் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர் தெக்ளா. கால்நடை மருத்துவம் படித்தவர். வெள்ளை அங்கியைத் தூக்கிச் செருகி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கொட்டில் கொட்டிலாகப் போவார். அதிகம் பேசமாட்டார். பேசினால் பெரும்பாலும் பன்றிகளிடம்.

மாஸ்டர் அந்தக் குறையையும் சேர்த்துத் தீர்த்துவைத்தார். தினமும் சாயங்காலம் தீவனம் கலக்கும்போது பாயசக் கதையைத் தொடங்கிவிடுவார். முதல் வாரம் கதையில் கஸ்பார் வெறும் நன்றி கெட்டவன். இரண்டாவது வாரம் ரொம்ப நாளாகத் திட்டம் போட்டவன். மாதம் முடிவதற்குள் பாயசத்தைத் தட்டிவிட்டதே அவன்தான் என்று ஆகிவிட்டது. சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் முழுசாகக் கேட்டார். ஒரு தடவையும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் கதை முடிந்த இடத்தில் கேள்வி வந்தது.

"என்னைச் சக்கையாப் பிழிஞ்சு எறிஞ்சுட்டாங்க, சிஸ்டர். எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்தாச்சு. மிச்சம் எதுக்கு இருக்கு?"

அப்போது ஆலையிலிருந்து டிராக்டர் வந்து நின்றது. சிஸ்டர் எழுந்து போய், டிரெய்லரிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி வந்து மாஸ்டரின் உள்ளங்கையில் வைத்தார். ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

"இது என்ன?" என்று கேட்டார் சிஸ்டர்.

"சக்கை."

"எதோட சக்கை?"

"மக்காச்சோளம். பெட்ரோல்ல கலக்குறதுக்கு எத்தனால் காய்ச்சுறாங்களே, அந்த ஆலையில வர்ற சக்கை."

"அதுல எதை எடுத்தாங்க?"

மாஸ்டர் விரலால் நசுக்கிப் பார்த்தார். கை நடுங்கினாலும் விரலுக்குத் தொழில் மறக்கவில்லை. பிசுபிசுப்பு இல்லை.

"மாவை எடுத்துட்டாங்க."

"வேற?"

"மாவுதான் போயிருச்சே. வேற என்ன வேணும்?"

"வேற என்ன போச்சு?"

ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"புளிப்பு ஏறியிருக்கு. எண்ணெய்ப் பசை இருக்கு. பருப்பு மாதிரி ஒரு கனம் இருக்கு. தோல் நிறைய இருக்கு." கண்ணைத் திறந்தார். "வேற எதுவும் போகலை, சிஸ்டர்."

"மூணு மூட்டை சோளம் உள்ள போனா ஒரு மூட்டை சக்கை வெளிய வரும், காயவச்ச கணக்குல. மூணு மூட்டையில இருந்த புரதம் இப்ப எங்க இருக்கு?"

"இந்த ஒரு மூட்டையில."

"எண்ணெய்?"

"அதுவும்தான்."

"எலும்புக்கு வேண்டிய பாஸ்பரஸ்?"

"இதுலதானே இருக்கணும்?"

"இதுலதான். சோளத்துல இருந்தப்ப அது பூட்டிக் கிடந்துச்சு. பன்றி தின்னாலும் பாதிக்கு மேல அப்படியே வெளிய போயிரும். ஆலையில புளிக்க வச்சாங்கள்ல, அதுல பூட்டு கழண்டுருச்சு."

மாஸ்டருக்கு முதுகு நிமிர்ந்தது. பல மாதங்களாக யாரும் அவரிடம் இப்படி நல்ல சேதி சொன்னதில்லை.

"அப்படின்னா சக்கைங்கிறது மூணு மடங்கு நல்லதா, சிஸ்டர்?"

"வந்த சோளத்துல பூஞ்சை இருந்தா?"

மாஸ்டர் யோசித்தார். கையிலிருந்ததை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மெதுவாக டிரெய்லரில் போட்டுவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அதுவும் மூணு மடங்கு" என்றார்.

சிஸ்டர் கடைசிக் கொட்டிலைக் காட்டினார். பால் மறந்து நன்றாகத் தீனி எடுக்கத் தொடங்கியிருந்த பதினோரு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

"இது உங்க பொறுப்பு. பக்கத்துக் கொட்டில்ல இருக்கிறதும் இதே வயசுதான். அதை நான் பாத்துக்குறேன். கார்த்திகையில வர்ற சவேரியார் திருவிழாவுக்கு ரெண்டையும் எடை போடுவோம். உங்க குட்டிக சரிக்குச் சரி வந்துட்டா தீவன அறைச் சாவி உங்ககிட்ட."

தீவன அறைச் சாவி என்றால் பண்ணையின் அடுப்படிச் சாவி மாதிரி. மாஸ்டருக்கு அது புரிந்தது. அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தார்.

"திருவிழா வரைக்கும் பாக்குறேன்மா. குட்டிக தேறலைன்னா உன் பால்கனிக்கு வந்துர்றேன்."

"எந்தக் குட்டிகப்பா?" என்றாள் மகள். அவர் அதற்குள் போனை வைத்துவிட்டார்.

மாஸ்டர் பாடம் கேட்டார். சக்கையை ஒரேயடியாகக் கொட்டக்கூடாது, நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டவேண்டும் என்று கற்றார். சினையாக இருக்கிற தாய்ப்பன்றி நிறையத் தின்னும், குட்டிக்கு அந்த நார் அவ்வளவு ஆகாது என்று கற்றார். ஐந்து பங்கு தீவனத்தில் ஒரு பங்கு சக்கை, அதற்குமேல் போகக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டார். சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த வெள்ளைப் பொடி என்னத்துக்கு, சிஸ்டர்?"

"லைசின். அது இருந்தாத்தான் சதை வைக்கும்."

"அதான் சக்கையில புரதம் மூணு மடங்கு இருக்குன்னீங்களே."

"புரதத்துக்குள்ள லைசினும் ஒரு சரக்கு. சோளத்துல அது கொஞ்சம்தான். கொஞ்சத்தை மூணு மடங்காக்கினா என்ன வரும்?"

"மூணு கொஞ்சம்."

சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். மாஸ்டர் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அதனாலதான் சோயாப் புண்ணாக்கும் போடுறோம், பொடியும் போடுறோம். அதுல கை வைக்கக் கூடாது, மாஸ்டர்."

"சரிங்க சிஸ்டர்" என்றார். சொன்னபோது மனசாரத்தான் சொன்னார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சிஸ்டர் வருடாந்தரத் தியானத்துக்காக வேறு மடத்துக்குப் புறப்பட்டார். போகிறபோது, "களத்துல கிடக்கிற சக்கை காயலைன்னா குழியில தள்ளிருங்க. இருக்கிற சோளத்தையும் புண்ணாக்கையும் வச்சு ஓட்டுங்க" என்றார்.

சக்கை காயவில்லை. தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாக மாஸ்டர் களத்தில் நின்றார். புளிப்பு வாடை காடியாக மாறிக்கொண்டிருந்தது. ஓரத்தில் பச்சையாக இரண்டு புள்ளி தெரிந்தது. அந்த ஓரத்தை வெட்டிக் குழியில் தள்ளினார். மீதியைத் தள்ளுவதற்கு மண்வெட்டியை ஓங்கினார்.

தள்ள முடியவில்லை. வாழ்நாளெல்லாம் சோற்றை ஆக்கியவர் தீனியைக் குழியில் தள்ளுவது எப்படி? அதிலும் மூணு மூட்டையின் சத்து ஒரு மூட்டையில் உட்கார்ந்திருக்கிற தீனி. எல்லோரும் வேண்டாம் என்று தள்ளிய சக்கை. மண்வெட்டியைக் கீழே போட்டார்.

அப்போதுதான் மடத்துச் சமையலறையின் பின்பக்கம் கவிழ்ந்து கிடந்த பெரிய இருப்புச் சட்டி கண்ணில் பட்டது.

கொட்டகைக்குள் அடுப்பு மூட்டினார். சட்டியை ஏற்றினார். சக்கையை அள்ளிப் போட்டு, தன் பையிலிருந்து நீளக் கரண்டியை எடுத்தார். மகள் வீட்டுக்குப் போவதானாலும் அதை விட்டுவிட்டுப் போகும் எண்ணம் அவருக்கு இல்லை. கிண்டத் தொடங்கினார். கிண்டுகிற கைக்கு நடுக்கம் ஒரு குறையாகவே தெரியவில்லை.

ஈரம் போனது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எந்தச் சமையல்காரன் ஈரம் போனதும் சட்டியை இறக்குவான்? ரவையானாலும் சேமியாவானாலும் வாசம் வரவேண்டும். முதலில் பொன்னிறம் வந்தது. பிறகு வெல்ல நிறம். கடைசியில் காப்பிக்கொட்டை நிறமும் அதற்கேற்ற வாசமும். மாஸ்டர் மூக்கை விரித்து மூச்சை இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. புகையால் மட்டும் வந்ததில்லை.

வாசம் மடத்துக்குள் போனது. மதர் சுப்பீரியரே குடையோடு வந்து எட்டிப்பார்த்தார்.

"யாரு அல்வா கிண்டுறது?"

"பன்றிக்குங்க, மதர்."

மதர் குடையைச் சாய்த்துச் சட்டியைப் பார்த்தார். "பன்றிக்கா?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு, மனசில்லாமல் திரும்பிப் போனார்.

குட்டிகள் தொட்டியை நக்கி எடுத்தன. அதைப் பார்த்த மாஸ்டருக்கு, பந்தியில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவனைப் பார்த்த சந்தோஷம் வந்தது. சந்தோஷத்தில் கை தாராளமானது. ஐந்தில் ஒரு பங்கு ஐந்தில் இரண்டானது. வாசமே இல்லாத புண்ணாக்கையும் பொடியையும் எதற்கு இவ்வளவு போடவேண்டும் என்று பாதியாகக் குறைத்தார்.

சிஸ்டர் திரும்பி வந்தபோதும் மாஸ்டர் இதைச் சொல்லவில்லை. பக்குவத்தை எந்தச் சமையல்காரரும் வெளியே சொல்லமாட்டார். எடை போடும் நாளில் இலையைத் திறந்து காட்டுவதுபோல் காட்டலாம் என்று நினைத்தார். வறுத்த மூட்டைகளைக் கொட்டகையிலிருந்த மரப்பெட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, விடியும் முன்பே கலந்து முடித்துவிடுவார். மழை தொடர்ந்த வாரங்களில் சட்டியும் தொடர்ந்தது. சிஸ்டர் சந்தைக்கும் பங்குக் கோயிலுக்கும் போகிற நேரமாகப் பார்த்து ஏற்றினார்.

"என்ன வாசம், மாஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டார் சிஸ்டர்.

"காப்பி போட்டேன், சிஸ்டர்."

சிஸ்டர் இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தார். காப்பி வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனார்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் தராசை இறக்கினார்கள். முதலில் பக்கத்துக் கொட்டில். பிறகு கடைசிக் கொட்டில். நாலாவது குட்டியைத் தூக்கும்போதே மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. தூக்க முடிந்ததே அதற்குச் சாட்சி. பக்கத்துக் கொட்டில் குட்டிகளை இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கவேண்டியிருந்தது. இவருடையவை முதுகெலும்பு தெரிய, ரோமம் சிலிர்த்து, வயிறு மட்டும் தொங்க நின்றன. தினமும் பார்த்த கண்ணுக்கு அது தெரியாமலே போயிருந்தது.

சிஸ்டர் கேட்கவில்லை. மாஸ்டரே போய் மரப்பெட்டிக்குப் பின்னாலிருந்து மூட்டையை இழுத்து வந்து வைத்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். சிஸ்டர் மூட்டையைத் திறந்து பார்த்தார்.

"கெட்டுப் போச்சா, சிஸ்டர்?"

"இல்லை."

"சத்து ஆவியாப் போச்சா?"

"அளந்து பாத்தா புரதம் அப்படியே இருக்கும்."

"அப்புறம் ஏன்?"

சிஸ்டர் தீவன அறைக்குள் போனார். மூலையில் கிடந்த ஒரு தேங்காயை, உரிக்காத தேங்காயை, எடுத்து வந்து மாஸ்டர் கையில் கொடுத்தார்.

"காலையில இருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடலை. இதைச் சாப்பிடுங்க."

"அரிவாள் எங்கங்க?"

"அரிவாள் கிடையாது."

"உரிக்காம எப்படி, சிஸ்டர்?"

"உள்ள பருப்பு இருக்கா?"

"இருக்கு."

"தண்ணி?"

மாஸ்டர் காதோரம் வைத்துக் குலுக்கினார். "இருக்கு."

"அப்புறம் என்ன, சாப்பிடுங்க."

மாஸ்டர் தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குட்டிகளைப் பார்த்தார்.

"இருக்கு, கிடைக்கலை" என்றார்.

சிஸ்டர் மூட்டையின் வாயைக் கட்டினார். "அளவுக்கு மேல சூடு காட்டினா லைசின் சர்க்கரையோட ஒட்டிக்கும். பன்றி குடலால அதைப் பிரிக்க முடியாது. நமக்கு வாசமா வர்றது அதுதான்."

"ஆலையில அதை வேக வச்சாங்க, புளிக்க வச்சாங்க, காய்ச்சினாங்க. அப்பக்கூட அது கெடலை." மாஸ்டர் தேங்காயைக் கீழே வைத்தார். "அன்பா இன்னொரு தடவை நெருப்புல போட்டது நான்தான்."

குட்டிகள் பசியில் கத்தின.

மறுநாள் காலை மாஸ்டர் பையைக் கட்டினார். கரண்டி பைக்குள் அடங்காமல் எப்போதும்போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சொல்லிக்கொண்டு போகலாம் என்று கொட்டிலுக்குப் போனார். சிஸ்டர் குட்டி ஈன்றுகொண்டிருந்த ஒரு தாய்ப்பன்றியோடு முழங்கை வரை வேலையாக இருந்தார்.

"போயிட்டு வர்றேன், சிஸ்டர்."

"சரிங்க மாஸ்டர். ஆலை லாரி வந்திருக்கு. மழைக்காலத்துக்குக் காஞ்ச சக்கையாவே அனுப்புறாங்களாம். எனக்கு இப்ப எழுந்திரிக்க முடியாது. போற வழியில மூட்டையை எங்க இறக்கணும்னு சொல்லிட்டுப் போங்க."

வாசலில் லாரி நின்றது. டிரைவர் மூட்டைகளைச் சரித்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் இடத்தைக் காட்டிவிட்டு கேட்டைத் தாண்டினார். பஸ் வருகிற சத்தம் தூரத்தில் கேட்டது.

நாலு அடி போனவர் நின்றார். திரும்பி வந்தார். பையைக் கீழே வைத்தார்.

"அந்த மூட்டையைப் பிரி."

"எல்லாம் ஒண்ணுதாங்க."

"பிரிப்பா."

உள்ளே தேன் நிறத்தில் தூளாக இருந்தது. பக்கத்து மூட்டையையும் பிரிக்கச் சொன்னார். அதுவும் தேன் நிறம்தான். ஒன்றில் கையை விட்டு அள்ளி முகர்ந்தார். பிறகு மற்றதில்.

"இதை இறக்கலாம். இந்த வரிசை வேண்டாம். திருப்பி எடுத்துட்டுப் போ."

"கலர் ஒண்ணுதானேங்க, ஐயா!"

"கலர் ஒண்ணுதான். கருகினதை நல்லதோட கலந்திருக்காங்க."

"பாத்தாத் தெரியலையே. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

"நானும் இதைப் பண்ணியிருக்கேன்" என்றார் மாஸ்டர்.

சத்தம் கேட்டு சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இரண்டு மூட்டையையும் முகர்ந்தார். புருவம் சுருங்கியது.

"கருத்திருந்தா நானே கண்டுபிடிச்சிருவேன். இது எனக்குத் தெரியலையே, மாஸ்டர். பரிசோதனைக்கு அனுப்பினா, பதில் வர்றதுக்குள்ள பன்றிக தின்னு முடிச்சிருக்கும்."

"கடைசியில ஒரு கசப்பு வாசம் வருது, சிஸ்டர். சட்டியை இறக்கியிருக்க வேண்டிய நேரம் தாண்டினப்புறம் வர்றது."

சிஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம், "அவர் சொன்ன வரிசையை இறக்க வேண்டாம்" என்றார். அதிலிருந்து ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வெகு நாள் கழித்து வந்த பதிலும் மாஸ்டரின் மூக்கு சொன்னதையே சொன்னது. ஆனால் அந்தப் பதிலுக்காக அன்று யாரும் காத்திருக்கவில்லை.

இதற்கிடையில் பஸ் வந்து, யாரும் ஏறாததால் நிற்காமலே போனது.

"பஸ் போயிருச்சு" என்றார் மாஸ்டர்.

"அடுத்த பஸ் இருக்கு."

மாஸ்டர் பையைப் பார்த்தார். எடுக்கவில்லை.

சிஸ்டர் இடுப்பிலிருந்த சாவிக் கொத்தில் ஒன்றைக் கழற்றி நீட்டினார்.

"குட்டிக தேறலையே, சிஸ்டர்."

"தேறலைதான். இனிமே யாராவது தேத்தணும்ல?"

மாஸ்டர் சாவியை வாங்கினார். வேட்டி முனையில் முடிந்துகொண்டார். சிஸ்டர் தாய்ப்பன்றியிடம் திரும்பிப் போனார்.

வறுத்த மூட்டைகள் குழிக்குப் போயின. மாஸ்டரே தள்ளினார். புண்ணாக்கும் பொடியும் பழைய அளவுக்கு வந்தன. சக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. வெயில் வந்தது. பதினோரு குட்டிகளுக்கும் முதலில் ரோமம் படிந்தது, பிறகு முதுகு மூடியது. விட்டதைப் பிடிப்பதுபோல் வளர்ந்தன. தவக்காலம் முடிவதற்குள் இரண்டு கொட்டிலுக்கும் வித்தியாசம் சொல்ல மாஸ்டரைத் தவிர வேறு யாராலும் முடியவில்லை. விற்கப் போகிற பன்றிக்குக் கடைசி வாரங்களில் சக்கையைக் குறைத்தால்தான் கொழுப்பு கெட்டியாக நிற்கும் என்று சிஸ்டர் சொன்னபோது, "அது எனக்குத் தெரியும். குழகுழன்னு இருந்தா வெட்டுறவன் திட்டுவான்" என்றார் மாஸ்டர்.

தீவன அறை அவர் அடுப்படியானது. நாற்காலி ஒன்று அங்கேயும் இருந்தது. அதன்மேல் அளவுப் படியை வைத்திருந்தார்.

பாயசக் கதை மட்டும் நிற்கவில்லை. சாயங்காலமானால் வாளியோடு கதையும் இறங்கும். கஸ்பார் இப்போது கதையில் மனிதனாகவே இல்லை. சிஸ்டர் முன்போலவே முழுசாகக் கேட்டார்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஒருநாள், கதை நடுவில் இருக்கும்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். கஸ்பார்.

மாஸ்டரின் கையிலிருந்த படி நழுவி விழுந்தது.

"கல்யாணத்துக்குப் பன்றி வேணும்னு போன் பண்ணியிருந்தாங்க. இவர்தானா?" என்றார் சிஸ்டர்.

"இவனேதான்." மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. "வரட்டும். இந்தப் பண்ணைக்கே கேக்குற மாதிரி கேக்குறேன். சோறு போட்டு, தொழில் சொல்லிக் கொடுத்து, கரண்டி பிடிக்கிற கையை நான்தான் பிடிச்சு..." கதை முதலிலிருந்து தொடங்கியது. வெங்காயம் வந்தது, பந்தல் வந்தது, பாயசம் வந்தது. வாசலில் கஸ்பார் கேட்டுக்கு வெளியே, உள்ளே வரத் தயங்கி நின்றுகொண்டிருந்தான். அவன் தலையிலும் நரை தெரிந்தது.

"நீங்களே சொல்லுங்க, சிஸ்டர். அவன் பண்ணினது சரியா?"

"சரியில்லை" என்றார் சிஸ்டர்.

மாஸ்டர் திகைத்துப் போனார். இத்தனை மாதத்தில் அந்தக் கதைக்கு வந்த முதல் பதில் அது.

"அப்ப போய்க் கேக்கட்டுமா?"

சிஸ்டர் திறந்திருந்த மூட்டைக்குள் கையை விட்டார். ஒரு கைப்பிடி அள்ளி, முதல் நாள் செய்ததுபோல் மாஸ்டரின் உள்ளங்கையில் வைத்தார்.

"மோந்து பாருங்க. இன்னிக்கு வந்தது."

மாஸ்டருக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. ஆனாலும் மூக்கு தன் வேலையைச் செய்தது. கண்ணை மூடினார். ஒரு மூச்சு இழுத்தார். இன்னொரு மூச்சு.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு, சிஸ்டர்."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஒரு தடவைதான் வெந்திருக்கு."

"அது போதும்ல, மாஸ்டர்?"

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். நடுங்கும் விரல்களுக்கிடையில் தேன் நிறத் தூள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் உதிர்ந்தது. மிச்சத்தையும் தொட்டியில் தட்டிவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, கேட்டைத் திறக்கப் போனார்.